அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்த அரசர்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஒரத்தநாடு. சுற்றிலும் நெல் வயல்கள். ஊருக்குள் ஒரு பழைய சத்திரம். அதன் முகப்பில் யானைகளும் குதிரைகளும் தேர் இழுத்துப் போவதுபோல் கட்டியிருக்கிறார்கள்.

இதற்கு முக்தாம்பாள் சத்திரம் என்று பெயர். கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. கட்டிய ஆண்டு 1802.

அதே மன்னர் 1805-ம் ஆண்டில் இன்னொரு காரியம் செய்தார். தஞ்சை அரண்மனைக்குள் ஓர் அச்சுக்கூடம் வைத்தார். ஈயத்தில் வார்த்த தேவநாகரி எழுத்துகளைக் கோத்து அங்கே புத்தகம் அச்சிட்டார்கள். அந்த எழுத்தில் தென்னாட்டில் புத்தகம் அச்சிட்ட முதல் அச்சுக்கூடம் அதுதான்.

வழிப்போக்கருக்குச் சோறு போடும் சத்திரம் எங்கே? ஈய எழுத்துக் கோக்கும் அச்சுக்கூடம் எங்கே? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள, இருட்டறையில் அடைபட்டுக் கிடந்த ஒரு சிறுவனின் கதையைக் கேட்க வேண்டும்.

தத்துப் பிள்ளை

அப்போது தஞ்சாவூரை ஆண்டவர் துளஜா மகாராஜா. அவருடைய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். தமக்குப் பிறகு அரியணை ஏற வாரிசு இல்லையே என்று மன்னர் கலங்கினார்.

போன்ஸ்லே குலத்தில், தம் உறவினர் வீட்டில் ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பையன்தான் சரபோஜி. 1777-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பிறந்தவன். 1787-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தத்து எடுக்கும் சடங்கு நடந்தது. பையனுக்கு வயது 9.

மன்னர் நோயாளி. தம் காலம் முடியப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பையனை யாரிடம் ஒப்படைப்பது? அரண்மனைக்குள் யாரையும் அவர் முழுதாக நம்பவில்லை. சுவார்ட்ஸ் பாதிரியாரை அழைத்துவரச் சொன்னார்.

சுவார்ட்ஸ் ஜெர்மனி தேசத்தவர். 1750-ம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். தமிழ் நன்றாகப் படித்தவர். எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். மைசூர் ஹைதர் அலியிடம் தூது போவதற்கு ஆங்கிலேயர்கள் 1779-ல் அவரைத்தான் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் நம்பிய மனிதர் அவர்.

பையனை அவர் பாதுகாப்பில் விட்டுவிட்டு, சில நாட்களுக்குள் துளஜா மகாராஜா கண்ணை மூடினார்.

வெளிச்சம் இல்லாத அறை

துளஜாவுக்கு அமர்சிங் என்று ஒரு தம்பி இருந்தார். அவர் தாமே மன்னராக விரும்பினார்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று கம்பெனியார் பண்டிதர்களைக் கேட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருப்பவனைத் தத்து எடுத்தது தவறு, தத்து எடுக்கும் வயதும் கடந்துவிட்டது என்று பண்டிதர்கள் சொன்னார்கள். தத்து செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அமர்சிங் அரியணை ஏறினார்.

சிறுவன் சரபோஜி அரண்மனையிலேயே சிறைப்பட்டான். காற்றோட்டம் இல்லாத அறை. ஜன்னல்கள் மூடிக் கிடந்தன. வெளியே போக முடியாது. விளையாடத் துணை இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அவனுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் அரசு கேட்டு வரமாட்டான் அல்லவா? ராஜ வம்சத்தில் பிறந்த பிள்ளை, எழுத்து வாசனை இல்லாமல் வளர்ந்தான்.

சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். பையன் நிலையைச் சொல்லி முறையிட்டார். கம்பெனியார் காவலுக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள். அதுவும் போதவில்லை. பையன் தஞ்சாவூரில் இருந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தது.

1793-ம் ஆண்டில் சரபோஜியும், துளஜாவின் விதவை ராணிகள் இருவரும் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அப்போது அவனுக்கு வயது 15.

சென்னையில் கிடைத்த படிப்பு

அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் பாதிப் படிப்பை முடித்திருப்பார்கள். சரபோஜிக்கோ அப்போதுதான் படிப்பு ஒழுங்காக நடக்கத் தொடங்கியது.

சென்னையில் அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் கெரிக்கே பாதிரியார். சுவார்ட்ஸின் நண்பர். வேப்பேரி மிஷனை நடத்தியவர். அந்த வேப்பேரி மிஷனுக்குச் சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் இருந்தது. 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எடுத்து வந்த அச்சு இயந்திரம் அங்கேதான் ஓடியது.

ஆங்கிலம், கணக்கு, பூகோளம், சரித்திரம், வான சாஸ்திரம் என்று பசித்தவன் சோற்றைக் கண்டதுபோல் சரபோஜி படித்தான். இழந்த ஆண்டுகளை எல்லாம் திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம். இந்தப் பசி அவருக்குக் கடைசிவரை அடங்கவில்லை.

இதற்கிடையில் தத்து விவகாரம் மறுபடி விசாரணைக்கு வந்தது. வேறு பண்டிதர்களைக் கேட்டார்கள். தத்து செல்லும் என்று தீர்ப்பு மாறியது. 1798-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் சரபோஜி தஞ்சாவூர் மன்னரானார்.

அந்த நாளைக் காண சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமாகியிருந்தார். நான்கரை மாத வித்தியாசம்.

சரபோஜி அவரை மறக்கவில்லை. லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியிடம் சொல்லி ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையைச் சீடர் பற்றிக்கொண்டு நிற்கும் காட்சி அது. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் அது இருக்கிறது. குருவுக்கு இரங்கல் பாட்டும் மன்னரே ஆங்கிலத்தில் எழுதினார். 15 வயதுவரை நல்ல படிப்பு இல்லாமல் கிடந்தவர், 20 வயதுக்கு மேல் அயல்மொழியில் பாட்டு எழுதினார்! அவர் கிறிஸ்தவராக மாறவும் இல்லை. தம் தர்மத்திலேயே நின்று குருவை வணங்கினார்.

நாடு கை மாறியது

பட்டம் கட்டிய மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1799-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன்படி தஞ்சைச் சீமை முழுவதும் கம்பெனி ஆட்சிக்குப் போயிற்று. காவிரி பாயும் நெல் வயல்களின் வரி, நீதி, காவல் எல்லாம் கம்பெனி கையில்.

மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய சிறிது இடமும்தான். ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வரி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குக் கொடுப்பார்கள்.

படை இல்லை. நாடு இல்லை. கையில் பணம் மட்டும் இருக்கிறது. வயதோ 22. இப்படிப்பட்ட நிலையில் பலர் கேளிக்கையில் காலத்தைக் கழித்துவிடுவார்கள்.

சரபோஜி அந்தப் பணத்தை எதில் போட்டார்? எழுத்திலும் படிப்பிலும் வைத்தியத்திலும் தர்மத்திலும் போட்டார்.

நள்ளிரவில் அடித்த மணி

தஞ்சாவூர் ராஜ்யத்தில் சத்திர தர்மம் பழைய வழக்கம். வடநாட்டிலிருந்து ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்கள் தஞ்சை வழியாக நடந்தே போவார்கள். அவர்களுக்காக வழி நெடுகச் சத்திரங்கள் இருந்தன.

நாட்டைக் கொடுத்தபோதும், இந்தச் சத்திரங்களை மட்டும் சரபோஜி விட்டுக் கொடுக்க மனம் இல்லாமல் இருந்தார். 1801-ம் ஆண்டில் தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

எந்தச் சாதியாராக இருந்தாலும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுப்பார்கள். நள்ளிரவில் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பை அணைப்பார்கள்.

நோயாளி வந்தால் வைத்தியர் பார்ப்பார். பாம்புக்கடிக்கும் மருந்து உண்டு. கர்ப்பிணிப் பெண் வந்தால் பிரசவம் அங்கேயே நடக்கும். குழந்தைகளுக்குப் பால் கொடுப்பார்கள்.

வழியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் இருந்தால், அவர்களைச் சத்திரத்து வாத்தியாரிடம் ஒப்படைப்பார்கள். மூன்று வேளைச் சாப்பாடு. நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு. உடுக்கத் துணி. விரும்பிய வித்தையைப் படிக்கலாம். படித்து முடித்தால் கல்யாணச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது.

அநாதைப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி எழுதியபோது, மன்னருக்குத் தம் பழைய நாட்கள் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

கம்பெனியார் சம்மதித்தார்கள். சத்திர நிர்வாகம் மன்னரிடமே இருந்தது.

அடுத்த ஆண்டில் ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்தது. முக்தாம்பாள் என்பவர் சரபோஜியின் அன்புத் துணைவி. இளம் வயதிலேயே இறந்துபோனார். தம் பெயரில் ஓர் அன்னசத்திரம் கட்ட வேண்டும் என்று அவர் சாகும் தறுவாயில் கேட்டுக்கொண்டாராம். அவர் பெயரால் அந்த இடத்துக்கு முக்தாம்பாள்புரம் என்றே பெயர் வைத்தார்கள்.

அங்கே சாப்பாட்டோடு பள்ளிக்கூடமும் நடந்தது. தமிழ், தெலுங்கு, மராத்தி, சமஸ்கிருதம், ஆங்கிலம் முதலிய மொழிகளைச் சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஓலைச் சுவடிக் காலம்

பள்ளிக்கூடம் வைத்தாயிற்று. பிள்ளைகள் கையில் புத்தகம்?

அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் ஓலைச் சுவடி, அல்லது கையால் எழுதிய காகிதக் கட்டு. ஒரு நூலைப் பார்த்து இன்னொரு பிரதி எழுத மாதக் கணக்கில் ஆகும். எழுதுகிறவர் கண் அயர்ந்தால் ஒரு வரி போய்விடும். பத்துப் பேருக்குப் பத்துப் பிரதி வேண்டும் என்றால் பத்து முறை எழுத வேண்டும். சில காலத்தில் செல் அரித்துவிடும்.

சுவடிகளின் அருமை சரபோஜிக்குத் தெரியும். நாயக்க மன்னர்கள் காலத்திலிருந்து வந்த அரண்மனை நூல்நிலையமான சரஸ்வதி மகாலைப் பெரிதாக வளர்த்தவர் அவர்தான். 1820-களின் தொடக்கத்தில் பெரிய பரிவாரத்தோடு காசி யாத்திரை போனார். போன இடங்களில் எல்லாம் சுவடிகளைச் சேகரித்தார். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சுப் புத்தகங்களையும் வரவழைத்தார். தம் புத்தகங்களில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைப்பார்.

ஒரு பக்கம் ஓலைச் சுவடி. இன்னொரு பக்கம் லண்டன் அச்சுப் புத்தகம். இரண்டையும் தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? அச்சில் ஒருமுறை எழுத்தைக் கோத்துவிட்டால் நூறு பிரதியும் எடுக்கலாம், ஆயிரமும் எடுக்கலாம்.

எந்த எழுத்தில் அச்சிடுவது?

தமிழுக்கு அச்சு புதிதல்ல. 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது. தஞ்சைச் சீமையின் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்.

ஆனால் தஞ்சை அரண்மனையின் மொழி மராத்தி. அதற்கு இரண்டு விதமான எழுத்துகள் இருந்தன.

ஒன்று மோடி எழுத்து. கணக்கும் கடிதமும் எழுதுவதற்கு உரியது. எழுதுகோலை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதிக்கொண்டே போகலாம். வேகம் அதிகம். பழகாதவருக்குப் படிப்பது கஷ்டம். தஞ்சை அரண்மனைக் கணக்குகள் எல்லாம் கட்டுக்கட்டாக மோடியில்தான் இருக்கின்றன.

மற்றொன்று தேவநாகரி. மராத்திக்காரர்கள் இதைப் பாலபோதம் என்று அழைத்தார்கள். பாலகர்களுக்கும் புரியக்கூடிய எழுத்து என்று பொருள். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, தெளிவாக இருக்கும். சமஸ்கிருத நூல்களையும் இதில் எழுதலாம். தென்னாட்டுப் பண்டிதர்கள் சமஸ்கிருதத்தைப் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் எழுதி வந்தார்கள். வடநாட்டாருக்குக் கிரந்தம் தெரியாது.

தேவநாகரியில் சரபோஜிக்கு முன்பே நாட்டம் உண்டு. தம் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் எழுதச் செய்து, 1803-ம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தேவநாகரி எழுத்தில் பொறிக்கச் செய்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தக் கல்வெட்டைப் பார்க்கலாம்.

கல்லில் பொறித்தது ஒரு பிரதி. அதைப் படிக்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். ஈயத்தில் கோத்தால் எழுத்து வாசகரைத் தேடிப் போகும்.

ஈய எழுத்தின் கஷ்டம்

அச்சு எழுத்து செய்வது லேசான காரியம் அல்ல. முதலில் எஃகுக் கம்பியின் நுனியில் ஓர் எழுத்தைச் செதுக்க வேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பிறகு அந்தக் கம்பியைச் செம்புத் துண்டில் வைத்து அடிப்பார்கள். செம்பில் எழுத்துப் பள்ளம் விழும். பொம்மை செய்கிறவர் அச்சில் களிமண்ணை அடைப்பதுபோல், அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றுவார்கள். ஆறியதும் ஈய எழுத்து கிடைக்கும். ஒரு பள்ளத்திலிருந்து எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வார்க்கலாம்.

தேவநாகரியில் இன்னும் கஷ்டம். எழுத்துகளின் தலைமேல் ஒரு கோடு ஓடும். ஒவ்வொரு துண்டும் சரியாக ஒட்டி நின்றால்தான் அந்தக் கோடு ஒரே கோடாகத் தெரியும். மயிரிழை தவறினாலும் பல் விழுந்த வாய்போல் இருக்கும். மேலே குறி, கீழே குறி, பக்கத்தில் குறி. போதாக்குறைக்கு இரண்டு மூன்று மெய்கள் சேர்ந்த கூட்டெழுத்துகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித் துண்டு வேண்டும்.

வங்காளத்தில் செராம்பூரில் வில்லியம் கேரி பாதிரியாரும் அதே காலத்தில்தான் தேவநாகரி எழுத்து செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு தொகுதிக்குச் சுமார் 700 எஃகு அச்சுகள் தேவைப்பட்டன. மராத்திய நாட்டில் 1805-ல் மிரஜ் என்ற ஊரில் பகவத் கீதையை அச்சிட்டபோது, ஈய எழுத்துக் கோக்காமல் பக்கம் பக்கமாகச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். லண்டனில் வில்கின்ஸ் என்ற அறிஞர் தாமே செய்த தேவநாகரி எழுத்தில் சமஸ்கிருத இலக்கணம் வெளியிட்டது 1808-ல்தான்.

நாடு இழந்த ஒரு மன்னர், காவிரிக் கரையில் இருந்துகொண்டு, 1805-லேயே இந்த முயற்சியில் இறங்கினார் என்றால் அது பெரிய துணிச்சல்.

அச்சுக்கூடத்துக்கு நவ வித்யா கலாநிதி என்று பெயர் வைத்தார். புதிய கல்வியின் கலைக் களஞ்சியம் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

முதலில் வந்தது நரிக் கதை

அரண்மனை அச்சுக்கூடம். சொந்தச் செலவு. தடுப்பார் இல்லை. முதலில் எதை அச்சிடுவது? மன்னர்கள் வழக்கமாகத் தம் புகழைப் பாடும் நூலைத்தான் வெளியிடுவார்கள்.

சரபோஜியின் அச்சுக்கூடத்திலிருந்து 1806-ல் வந்த புத்தகம் ஈசாப் கதைகள்! காக்கையும் நரியும், சிங்கமும் சுண்டெலியும் வருகிற கிரேக்க நாட்டுக் கதைகள். சக்கண்ண பண்டிதர் என்பவர் அவற்றை மராத்தியில் எழுதிக் கொடுத்தார். புத்தகத்தின் பெயர் பாலபோத முக்தாவளி. பாலகர்களுக்கு அறிவு ஊட்டும் முத்துமாலை என்று அர்த்தம்.

மராத்தி மொழியில் மிகப் பழைய அச்சுப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. அது பூனாவிலோ பம்பாயிலோ அச்சாகவில்லை. தமிழ்நாட்டில், தஞ்சாவூரில் அச்சாயிற்று.

ஒரத்தநாட்டுச் சத்திரத்துக்கு வைத்த பெயர் முக்தாம்பாள். குழந்தைகள் புத்தகத்துக்கு வைத்த பெயர் முக்தாவளி. இரண்டு பெயரிலும் முத்து இருக்கிறது. முன்னது பசித்த வயிற்றுக்கு. பின்னது பசித்த அறிவுக்கு.

அடுத்து வந்த ஆண்டுகளில் பெரியவர்களுக்கான நூல்களும் அச்சாயின. மராத்தியில் ராமாயண யுத்த காண்டம், சமஸ்கிருதத்தில் மாக கவியின் காவியமான சிசுபாலவதம், தர்க்க சாஸ்திரம் படிக்கிறவர்களுக்கு வேண்டிய தர்க்க சங்கிரகம், காரிகாவளி ஆகியவை அவற்றில் சில. எல்லாம் மாணவர்களும் பண்டிதர்களும் தினமும் புரட்டும் பாடநூல்கள்.

செராம்பூரில் கேரி வேறு வழியில் போனார். மராத்தி மக்கள் பழகியது மோடி எழுத்து என்று எண்ணி, அதற்கே ஈய எழுத்து செய்து 1810-ல் மராத்தி அகராதி அச்சிட்டார். காலம் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னது? மராத்தி இன்று அச்சாவது தேவநாகரியில்தான். பாலகனுக்குப் புரியும் எழுத்தே நிலைத்தது.

குறத்தி சொன்ன பூகோளம்

சரபோஜி தாமும் நூல் எழுதினார். தேவேந்திர குறவஞ்சி என்பது அவர் மராத்தியில் எழுதிய நாடகம். குறவஞ்சி என்றால் குறத்தி குறி சொல்லுவாள், மலைவளம் பாடுவாள். சரபோஜியின் குறத்தியோ உலகப் பூகோளத்தையே சொல்லுகிறாள்! ஐரோப்பா எங்கே, ஆசியா எங்கே, எந்த நாட்டில் எந்த ஊர் என்று பாட்டாகவே பாடுகிறாள். பாடம் கசக்கக் கூடாது, பாட்டோடு பாட்டாகப் பிள்ளைகள் மனத்தில் பதிய வேண்டும் என்ற எண்ணம்.

வைத்தியத்தையும் அவர் விடவில்லை. தன்வந்திரி மகால் என்ற மருந்துச் சாலை வைத்தார். நாட்டு வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அங்கே கைகோத்தன. கண் நோயாளிகளின் கண்களைப் படமாக எழுதி, செய்த சிகிச்சையையும் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

1826-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சாவூர் வந்தார். மன்னரைக் கண்டு பேசினார். ரசாயனம், தாவரம், விலங்கு ஆகியவற்றைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் எழுதியதை எல்லாம் சரபோஜி சரளமாகப் பேசியதைக் கேட்டு வியந்துபோனார்.

ஒரு காலத்தில் ஆசிரியர் இல்லாமல் இருட்டில் கிடந்த சிறுவன்தான் இவர் என்று யார் சொல்வார்கள்?

மிஞ்சியது என்ன?

1832-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சரபோஜி மன்னர் காலமானார். அவருக்குப் பின் அவர் மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ல் சிவாஜியும் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்று சொல்லி, மிச்சம் இருந்த அரசுரிமையையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டார்கள். தத்துப் பிள்ளையாக வந்தவரின் பரம்பரை, வாரிசு வழக்கிலேயே அரியணை இழந்தது.

நவ வித்யா கலாநிதியின் ஈய எழுத்துகளும் ஓய்ந்தன. அங்கே அச்சான புத்தகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிரதிகள் மிகவும் அரியவை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெரிய பெரிய அச்சுக்கூடங்கள் வந்தன. தஞ்சாவூர் எழுத்தை உலகம் மறந்துவிட்டது.

மன்னரின் காரியம் வீணாயிற்றா?

1918-ம் ஆண்டில் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரண்மனைச் சொத்து ஊர்ச் சொத்தாயிற்று. அங்கே சுமார் 49 ஆயிரம் சுவடிகள் இருக்கின்றன. மன்னர் பெயரைத் தாங்கி அந்த நூல்நிலையம் இன்றும் நடக்கிறது. சுவடிகளை அச்சிட்டு வெளியிடும் வேலையையும் செய்துவருகிறது. அவர் 1805-ல் தொடங்கிய வேலைதான் அது.

ஒரத்தநாட்டுச் சத்திரத்துக் கட்டடம் பிற்காலத்தில் அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் மாணவர் விடுதிக்கும் இடம் கொடுத்தது. யாத்திரிகர்கள் படுத்து எழுந்த கூடங்களில் கிராமத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். கிடாங்கிலிருந்து நெல் அளந்த குடும்பத்துப் பிள்ளையும், அந்த நெல்லை அறுத்த கூலிக்காரர் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் எழுத்துக் கூட்டினார்கள்.

கையில் இருந்த நாட்டைச் சரபோஜி காப்பாற்ற முடியவில்லை. பிறந்த வீட்டையும் தத்து வந்த வீட்டின் அன்பையும் சிறு வயதிலேயே இழந்தார். தமக்கு மறுக்கப்பட்ட ஒன்றை மட்டும் அவர் மறக்கவே இல்லை. அதுதான் எழுத்து. அது கைக்கு வந்ததும் தமக்கென்று பூட்டி வைக்காமல், கல்லில் பொறித்தார், ஈயத்தில் கோத்தார், சத்திரத்துத் திண்ணையில் அநாதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கச் செய்தார்.

தஞ்சாவூர் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்காமல் வருவதில்லை. கொஞ்ச நேரம் ஒதுக்கி சரஸ்வதி மகாலையும் பார்க்கலாம். பட்டுக்கோட்டைச் சாலையில் போனால் ஒரத்தநாட்டில் இறங்கி முக்தாம்பாள் சத்திரத்தையும் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால், இருட்டறைச் சிறுவன் கதையையும் சொல்லலாம்.